பொத்தானில் இருந்த குரல்

என் வீட்டுக்காரருக்குக் குரல் போன பிறகுதான் எங்கள் வீட்டில் பேச்சு அதிகமானது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அப்படித்தான் நடந்தது.

அதற்கு முன்னால் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். எனக்கு ஆள் கூச்சம். கல்யாணமாகி ஈஜிபுராவுக்கு வந்ததிலிருந்து வீட்டு ஓனர், பால்காரர், கேஸ் கொண்டு வருகிறவர் என்று யார் வந்தாலும் நான் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வேன். அவர் இல்லாத நேரத்தில் கதவு தட்டினால் திறக்கவே மாட்டேன். அவர் தட்டுகிற தட்டு மட்டும் எனக்குத் தெரியும். அதற்குத்தான் திறப்பேன்.

பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ஷிஃப்ட் முடிந்து மாடிப்படி ஏறி வந்ததும் வாசலிலேயே பேச ஆரம்பித்துவிடுவார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, செருப்பு வாரைக் கழற்றுவார். முழங்கால் வலி இருந்ததால் அது லேசில் முடியாது. வார் கழல்வதற்குள் பஸ்ஸில் நடந்தது, சூப்பர்வைசர் திட்டியது, கேன்டீன் சாம்பாரில் உப்பில்லாதது எல்லாம் சொல்லி முடித்திருப்பார். நான் கதவைப் பிடித்தபடி "ம்" கொட்டுவேன். எங்கள் குடித்தனமே அந்த வாசல்படியில்தான் நடந்தது என்று தோன்றும்.

வேலையை விட்டு வந்த பிறகு தொண்டையில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் செய்து குரல் பெட்டியையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. மூச்செல்லாம் அது வழியாகத்தான். அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பார். மூச்சு விடும்போது அந்தத் துணி உள்ளே போய் வெளியே வரும். வீட்டில் சத்தமே இல்லாத மத்தியானங்களில் நான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது மட்டும் தனியாக உயிரோடு இருப்பது போல இருக்கும்.

முதலில் சிலேட்டும் பல்பமும் வாங்கினோம். எழுதிக் காட்டுவார், நான் படிப்பேன். நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான், ஆனாலும் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். ஆனால் பல்பத்தூள் அந்தத் துளைக்குள் போய் இருமல் எடுத்தது. டாக்டர் சிலேட்டைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார். பேனா பிடித்தால் கை நடுங்கியது. ஆஸ்டின் டவுனில் இருக்கும் எங்கள் மகள்தான், "அப்பாவுக்கு நல்ல போனா ஒண்ணு வாங்கிடலாம்மா, டைப் அடிச்சுக் காட்டட்டும்" என்று சொல்லி எங்களைச் சிவாஜி நகருக்குக் கூட்டிப் போனாள்.

கடைக்காரர் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்த ஒரு போனை எடுத்து நீட்டினார்.

"சாப், இது டச் போனு. பட்டனே கிடையாது. சும்மா ஐசா, இப்படி தடவினா போதும், ஓடும்."

இவர் தடவினார். ஓடவில்லை. மறுபடி தடவினார். அத்தனை வருஷம் இரும்பைப் பிடித்துத் தோல் காய்த்துப் போன விரல். கண்ணாடி அந்த விரலை ஒரு விரலாகவே மதிக்கவில்லை. கடைக்காரர் தன் விரலால் தொட்டார், உடனே ஓடியது. இவர் தொட்டால் அப்படியே இருந்தது.

"அப்பா உயிரோடதான் இருக்காருன்னு இந்தப் போனுக்கு யாராவது சொல்லுங்களேன்" என்றாள் மகள். கடைக்காரர் சிரித்தார். இவரும் சத்தமில்லாமல் தோளைக் குலுக்கிச் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஏனோ அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் இவரே கண்ணாடி அலமாரிக்குள் கையைக் காட்டினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு போன். பாதி திரை, பாதி பொத்தான்கள். புளியங்கொட்டை வரிசையாக அடுக்கினது போல எழுத்து எழுத்தாகப் பொத்தான்.

"அது ஆபீஸ்காரங்க மாடலு சாப். இனிமே எல்லாம் டச்சுதான். இது பழைய ஃபேஷன் ஆயிடும்."

இவர் காதில் வாங்கவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கிப் பார்த்தார். டிக், டிக் என்று ஒவ்வொன்றும் அமுங்கி எழும்பியது. மெஷினில் ஓடுகிற பொத்தானை அமுக்கிப் பழகியவர். பிறகு கண்ணை மூடிக்கொண்டு எதையோ தட்டி மகளிடம் நீட்டினார். அவள் படித்துவிட்டுச் சொன்னாள்.

"'கண்ணு தெரியலேன்னாலும் பேசலாம் இதுல'ன்னு போட்டிருக்காரும்மா."

அதையே வாங்கினோம். மகள் தன்னுடைய பழைய சின்ன போனை எனக்குக் கொடுத்தாள். இவர் முன் அறையிலிருந்து மெசேஜ் அனுப்பினால் சமையலறையில் என் இடுப்பில் இருக்கும் போன் கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு.

அதில் ஒரு சிக்கல். அவர் தட்டுவது தமிழ்தான், ஆனால் எழுத்து இங்கிலீஷ். எனக்கு அந்த எழுத்து தெரியாது. அவரே பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். டீ, பால், அரிசி, சாவி. மாசக்கணக்கில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். ஆனால் எனக்கு மனசுக்குள் படிக்க வராது. பள்ளிக்கூடத்தில் சத்தம் போட்டுப் படித்த பழக்கம்தான். ஒவ்வொரு எழுத்தாக வாயால் கூட்டிச் சொன்ன பிறகுதான் அது என்ன வார்த்தை என்று எனக்கே தெரியும். ஆகவே அவர் என்ன சொன்னாலும் முதலில் அது என் வாயிலிருந்து, என் குரலில் வெளியே வரும். அப்புறம்தான் என் காதுக்குப் போகும். முதல் கொஞ்ச நாள் அது எனக்கு உடம்பைச் சிலிர்க்கவைத்தது. சும்மா இருக்கும் வீட்டில் என் குரல், "முதுகு அரிக்குது, வா" என்று சொல்லும்.

ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இடுப்பில் போன் அதிர்ந்தது. எடுத்து எழுத்துக்கூட்டினேன். "பால் பொங்குது." திரும்பிப் பார்த்தால் பால் விளிம்பில் நிற்கிறது. முன் அறையில் இருந்த கட்டிலிலிருந்து அடுப்பு தெரியாது. போய்க் கேட்டேன். காதைத் தொட்டுக் காட்டினார். வாய் போனபின் காது கூர்மையாகிவிட்டது போலும். அதற்குப் பிறகு நான் வீட்டில் தனியாக முணுமுணுப்பதையே விட்டுவிட்டேன்.

வீட்டு ஓனர் சங்கதியையும் சொல்ல வேண்டும். அந்தக் கோடையில் தண்ணீர் சரியாக விடவில்லை. இவர் கதவைத் திறந்து என்னை முன்னால் நிறுத்தி, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். டிக் டிக் டிக். போனை என் கையில் திணித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே படித்தேன்.

"தண்ணி... வந்து... நாலு... நாளாச்சு. வாடகை... மட்டும்... கரெக்டா... வாங்கறீங்க."

ஓனர் கன்னடக்காரர், தமிழும் பேசுவார். "போர் கெட்டோகிதெ அம்மா, நானு ஏனு மாட்லி? போர்வெல்லு கெட்டுப்போனா நான் என்ன செய்ய, மழையா கொண்டு வர முடியும்?"

டிக் டிக் டிக். மறுபடி போன் என் கைக்கு வந்தது.

"ஒங்க... வீட்டு... மாடியில... செடிக்கு... மட்டும்... எப்படி... மழை... பெய்யுது... தொப்பையா..."

சொல்லி முடித்த பிறகுதான் கடைசி வார்த்தை எனக்குப் புரிந்தது. நான் உள்ளே ஓடப் பார்த்தேன். ஓனர் என்னையே பார்த்தார். பின்னால் நாற்காலியில் இவர் தோள் குலுங்குகிறது. அப்புறம் ஓனருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அய்யோ ராமா! இத்தனை வருஷமா வாயே தொறக்காத அம்மா. இப்ப பாரு, உங்க யஜமானர் உள்ள பூந்து பேசற மாதிரி இருக்குது."

மறுநாள் தண்ணீர் வந்தது. ஆனால் ஓனர் சொன்ன அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. உள்ளே பூந்து பேசுகிற மாதிரி. அன்று சாயங்காலம் இவரிடம், "எனக்குப் பயமா இருக்குதுங்க, எது என் பேச்சு எது உங்க பேச்சுன்னே தெரிய மாட்டேங்குது" என்றேன். அவர் ரொம்ப நேரம் பொத்தானைத் தட்டினார். என் போன் கூப்பிட்டது. எதிரில் உட்கார்ந்துகொண்டே அனுப்பியிருந்தார். "ஒன் கொரல் நல்லா இருக்கு. இத்தனை நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்த?"

அந்த மெசேஜை நான் அழிக்கவில்லை. எதையுமே அழிக்கவில்லை. டீ போடு, ஃபேனைக் குறை, கொசு, மாத்திரை எங்க, எல்லாம் அப்படியே வைத்திருந்தேன். அவர் பேச்சு அல்லவா? பேச்சை யாராவது அழிப்பார்களா?

பல்லியைப் பற்றியும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பல்லி சத்தம் போட்டால் தரையில் விரல் நகத்தால் தட்டுவேன். என் அம்மா தட்டுவாள், நானும் தட்டுகிறேன். இவர் பொத்தானைத் தட்டும் சத்தமும் பல்லி சொல்கிற சத்தமும் ஒன்று போலவே இருக்கும். காய் நறுக்கிக்கொண்டிருக்கையில் டிக் டிக் என்று கேட்டால் என் விரல் தானாகத் தரைக்குப் போய்விடும். முன் அறையிலிருந்து இன்னும் இரண்டு தட்டு தட்டுவார். என்னைக் கேலி செய்வதற்கு.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டில் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்தேன். போன் அவர் நெஞ்சின் மேல் இருந்தது. கடைசி நாள் மத்தியானம் கண் மூடியே இருந்தார். கழுத்துத் துணி வேக வேகமாக உள்ளே போய் வெளியே வந்தது. அப்போது கட்டைவிரல்கள் மட்டும் அசைந்தன. டிக், டிக், டிக். கண்ணைத் திறக்காமலே நிதானமாகத் தட்டினார். தட்டி முடித்ததும் என்னிடம் காட்டுவார் என்று காத்திருந்தேன். காட்டவில்லை. என் போனையும் பார்த்தேன், கூப்பிடவில்லை. திரையின் மூலையில் ஒரு சின்னத் தபால் கவர் படம் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. சார்ஜ் குறைவதைத்தான் காட்டுகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் விரல் ஓய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் துணியும் ஓய்ந்துவிட்டது.

இறுதிச் சடங்கு நடந்தது. அவர் படுத்திருந்த இடத்தில் விளக்கு ஏற்றி, ஒரு சொம்பில் தண்ணீர் வைத்தோம். கருமாதி வரைக்கும் அது அணையக் கூடாது, ஆத்மா தாகத்துக்கு அங்கே வரும் என்பார்கள். அவர் போனை மகள் ஆஸ்பத்திரித் துணிகளோடு ஒரு பையில் போட்டு அலமாரியில் வைத்திருந்தாள். அதன் தலையில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. பையின் துணி வழியாக அது மினுங்கி மினுங்கி அடங்குவது தெரிந்தது. பிறகு சார்ஜ் தீர்ந்து நின்றுவிட்டது.

பால் தெளித்த மறுநாள் மத்தியானம். மகள் அசந்து படுத்திருந்தாள். நான் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். டிக், டிக் என்று கேட்டது. விரல் தானாகத் தரையில் தட்டியது. உடனே இன்னும் இரண்டு தட்டு கேட்டது. கேலி செய்வது போலவே.

சுவரைப் பார்த்தேன். டியூப் லைட்டுக்குப் பின்னால் பார்த்தேன். காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். பல்லி இல்லை. நான் பார்க்காத இடத்தில் இருந்திருக்கலாம். எனக்கு அழுகை வந்தது. அவர் அன்றைக்கு என்ன தட்டினார்? யாருக்குத் தட்டினார்? அது தெரியாமல் நான் எப்படி இருப்பேன்?

மகளை எழுப்பி ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னேன். அவள் அவர் போனைச் சார்ஜில் போட்டாள். அது உயிர் பெறவில்லை. வெறும் கறுப்புத் திரை. அப்புறம் என் போனை வாங்கிப் பார்த்தவள், "அம்மா, இது எப்பலேர்ந்து மினுக்குது?" என்றாள்.

"அன்னிக்கிலேர்ந்து. சார்ஜு போட்டாலும் நிக்கல."

"ஐயோ, இது சார்ஜு இல்லம்மா. ஒன் இன்பாக்ஸ் ஃபுல்லு. உள்ள எடமே இல்ல. ஏதோ மெசேஜ் வந்து வெளிய நின்னுட்டு இருக்குன்னு அர்த்தம். ஒண்ண அழிச்சாதான் அது உள்ள வரும்."

வெளியே நின்றுகொண்டிருக்கிறது என்று அவள் சொன்னதும் நான் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவரா?"

"தெரியாதும்மா. கம்பெனிக்காரன் விளம்பரமாவும் இருக்கலாம். ஆனா ரொம்ப நாள் வெச்சிருக்க மாட்டாங்க. நாம வாங்கலேன்னா போயிடும். எதையாவது அழி."

எதை அழிப்பது? ஒன்றொன்றாக எடுத்தேன். ஒன்றொன்றையும் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தேன். கொசு. மாத்திரை எங்க. பால் பொங்குது. ஒவ்வொன்றும் என் வாயில் வந்து உட்கார்ந்தது. விளம்பரத்துக்கு இடம் விட அவர் வார்த்தை ஒன்றைக் கொல்ல வேண்டுமா?

"பேப்பர்ல எழுதி வெச்சுக்கோம்மா, அப்புறம் அழி."

"எழுதினா அது என் கையெழுத்துடி. அவர் தட்டினது ஆகுமா?"

"சரி, நீ இப்படியே பாத்துட்டு இரு. அது போயிடும்" என்று அவள் கோபமாகச் சொன்னாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கீழே தெருவில் ஆட்டோ சத்தம், பிள்ளைகள் சத்தம். விளக்கு வைக்கிற நேரம். "டீ போடு" என்பது நிறைய இருந்தது. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். "மன்னிச்சுக்கோங்க, டீ அப்பவே போட்டுக் குடுத்துட்டேன்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு மகளிடம் காட்டினேன். அவள் அமுக்கினாள். அது போய்விட்டது.

போன் கூப்பிட்டது. இரண்டு பேரும் குனிந்தோம். காலர் ட்யூன் போட்டுக்கொள்ளச் சொல்லி கம்பெனி மெசேஜ். ஒரு டீயை இதற்காகவா விட்டேன்? மகள் என் கையைப் பிடித்தாள். "இரும்மா. இன்னும் மினுக்குது. இன்னொண்ணு இருக்கு." விளம்பரத்தை அழித்தாள்.

மறுபடி போன் கூப்பிட்டது.

இந்த முறை மகள் பார்த்தாள், என்னிடம் கொடுக்கவில்லை. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தண்ணீர் பட்ட பாடு, கண்ணால் பார்த்ததும் புரிந்துவிடும். முகம் வெளுத்துப்போனது. போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

"அப்பாதாம்மா. அன்னிக்கு மத்தியானம் அனுப்பினதுன்னு கீழ போட்டிருக்கு. ஜொரத்துல ஏதோ தட்டியிருக்காரு. நீ பாக்க வேணாம்."

"குடு."

"வேணாம்மா, சொல்றதக் கேளு. காலைல பாத்துக்கலாம்."

"குடுடி."

நான் அவளிடம் அப்படிப் பேசியதே இல்லை. கொடுத்துவிட்டாள். விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். கண் மூடியபடி தட்டியும் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. என் குரல் அந்த அறைக்குள் நிதானமாகச் சொன்னது.

"வீட்டுக்கு... வந்துட்டேன். வெளிய... நிக்கறேன். கதவு... தொற."

சொல்லி முடித்த பிறகுதான் அது எனக்குப் புரிந்தது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள். சொம்புத் தண்ணீரில் விளக்கின் நிழல் ஆடியது. கதவு சாத்தியிருந்தது. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. அன்றைக்கு மத்தியானத்திலிருந்து அவர் வெளியே நின்றிருக்கிறார். நான் உள்ளே இடம் இல்லாமல் எல்லாவற்றையும் அடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எழுந்தேன்.

"அம்மா, எங்க போற? ஒக்காரு. எனக்குப் பயமா இருக்கும்மா. யாரும் இல்லம்மா வெளிய."

யாரும் தட்டவில்லைதான். எனக்குத் தெரிந்த அந்தத் தட்டு கேட்கவில்லை. ஆனால் தட்ட வேண்டியதை எல்லாம் அவர் பொத்தானில் தட்டி முடித்துவிட்டார் அல்லவா? தாழ்ப்பாளை நீக்கினேன். அது எப்போதும் கொஞ்சம் இறுகும், அன்று சுலபமாக வந்தது. கதவை முழுக்கத் திறந்து வைத்தேன்.

மாடிப்படி காலியாக இருந்தது. அவர் செருப்பு இரண்டும் எடுக்க ஆளில்லாமல் சுவரோரம் கிடந்தது. எங்கிருந்தோ காற்று வந்து என்னைத் தாண்டி உள்ளே போனது. விளக்கு ஒருமுறை படுத்து எழுந்தது.

போனில் எழுதாத, அவர் தட்டாத ஒரு சொல் என் வாயில் வந்தது. படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"வாங்க."

கீழ் வீட்டில் பேச்சு நின்றது. யாரோ தலையை நீட்டி மேலே பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இல்லை. கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். உள்ளே எங்கேயோ டிக் டிக் என்று கேட்டது.

"பல்லிதானேம்மா அது?" என்றாள் மகள். அவள் பின்னால் வந்து என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயசில் பிடித்த மாதிரி.

"போதும்மா. கதவைச் சாத்தட்டுமா?"

"இருடி" என்றேன். "செருப்புக் கழட்ட அவருக்கு நேரமாகும்."